சாயங்காலம் 6 மணி ஆனால் வீட்டில் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள்: ஏடிஎச்டிக்கு (கவனம் சிதறும், பரபரக்கும் கோளாறு) மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மண்டிக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம். வயது 34, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று பள்ளியில் சொல்லிச் சொல்லி, போன வருடம் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சாமானைத் தொலைப்பானா, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவானா, அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே விழுவானா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, என் மனைவி ஒவ்வொரு பதிலையும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மூன்றாவது முறை போனபோது டாக்டர், "அப்பா ஒரு நாள் தனியா வாங்க" என்றார். அப்படித்தான் நானும் மாத்திரைக்கு வந்தேன்.

ஏழு வாரமாக மெத்தில்ஃபெனிடேட், பகல் முழுக்க வேலை செய்கிற வகை. முதல் மூன்று வாரம் 18 மில்லிகிராம், அப்புறம் 36. பலன் இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். எத்தனை பெட்டி, யார் வண்டி, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று ஒரு மாதக் கணக்கை அடுத்த மாதம் 3ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முதலாளி கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், நம்பிக்கை இல்லாமல்.

ஆனால் மற்றதெல்லாம் நாறுகிறது. பசி என்பதே மறந்துபோய்விட்டது. மதியம் அம்மா களி உருண்டையும் கீரைக் கடைசலும் வைத்தால், ஒரு விள்ளல் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயில் போடுவேன், அது தொண்டைக்குப் போகாமல் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும், உங்களுக்கே தெரியும். வாய் காய்ந்து கிடந்தால் எப்படி விழுங்குவது? மூன்றரை கிலோ இறங்கிவிட்டேன். அப்புறம் சாயங்காலம். 5, 6 மணி ஆனால் காரணமே இல்லாமல் எரிச்சல், தலை கனம், யார் கூப்பிட்டாலும் சீறல். பையன் ஒரு பென்சிலைக் கீழே போட்ட சத்தத்துக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவனுக்கு இருப்பதுதான் எனக்கும் என்று தெரிந்தபிறகு அவனைப் போய்க் கத்துகிறேன் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, 12 மணி வரை தூக்கம் கிடையாது. 4 மணிக்கு எழ வேண்டும்.

நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். மனைவிக்கும் அந்த எண்ணம்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஓசூர்ஷிஃப்ட்

அண்ணா, நிறுத்துவதற்கு முன்னால் மூன்றே கேள்வி. மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? போடும்போது வயிற்றில் என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை டீ? மூன்றாவதுக்குப் பொய் சொல்லாதீர்கள், மண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மண்டிக்கணக்கு

4.30 மணிக்கு, டீயோடு. வயிற்றில் அந்த டீதான். ஏலம் ஆரம்பித்தால் எழுந்திருக்க முடியாது. டீயை எண்ணியதில்லை, நாளைக்கு எண்ணிச் சொல்கிறேன்.

மண்டிக்கணக்கு

எண்ணினேன். ஒன்பது. சின்ன டம்ளர்தான்.

ஓசூர்ஷிஃப்ட்

சின்ன டம்ளராம்!

சரி, நான் மூன்று வருடமாக எடுக்கிறேன், டாக்டர் இல்லை, ஓசூரில் ஒரு கம்பெனியில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்ப்பவன், அனுபவத்தில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க என்று சொல்கிற வகை எல்லாம் ஒன்றில்லை, தயாரிப்பைப் பொறுத்து 8 மணி நேரமும் உண்டு, 12 மணி நேரம் வரை இழுப்பதும் உண்டு. நீங்கள் 4.30க்குப் போடுகிறீர்கள். பன்னிரண்டைக் கூட்டினால்கூட சாயங்காலம் 4.30க்குச் சரக்கு தீர்ந்துவிடுகிறது. தீரும்போது சும்மா தீராது. காலையில் இருந்து மாத்திரை பிடித்து வைத்திருந்த அத்தனையும், சலிப்பு, பரபரப்பு, கோபம், மொத்தமாக ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும். அதே நேரத்தில்தான், காலையில் இருந்து சாப்பிடாத வயிறும் விழித்துக்கொள்ளும். ஒன்பது டீயின் வேகமும் இறங்கும். மூன்றும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற இடம்தான் உங்கள் 6 மணி. அதில் எது மாத்திரை, எது பசி, எது டீ என்று பிரிக்காமல் மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் இரவு ஷிஃப்டிலும் காலை 8 மணிக்குப் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தபடியே போட்டேன். 7 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, 8க்கு மாத்திரை போட்டு, 9க்குப் படுத்தால் என்ன ஆகும்? கூரையில் ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை போனபோது டாக்டரே தலையில் அடித்துக்கொண்டார், "நீங்க ஷிஃப்ட் வேலைன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று. உண்மைதான், சொல்லவில்லை, மறந்துவிட்டேன். நம் வியாதியே அதுதானே. இப்போது எந்த ஷிஃப்டில் எத்தனை மணிக்கு, எந்த நாள் போடவே கூடாது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்றாதீர்கள். ஆனால் டீயைக் குறைக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

காவேரிப்பட்டினம் டீச்சர்

தம்பி, உங்கள் களி விஷயம் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. களி இறங்காவிட்டால் கூழாகக் கரைத்துக் குடியுங்கள். அதே கேழ்வரகுதான். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு, ஒரு சொம்பு. பசி இல்லாதவனுக்கு மென்று தின்பதுதான் பாரம், குடிப்பது அவ்வளவு பாரமில்லை. காலையில் மாத்திரைக்கு முன்னால் அரை சொம்பாவது உள்ளே போய்விட வேண்டும், ஏனென்றால் மாத்திரை ஏறிய பிறகு யார் சொன்னாலும் வயிறு கேட்காது. இரவு 8 மணிக்கு மேல் பசி திரும்பி வரும், அப்போது கஞ்சத்தனம் பார்க்காமல் சாப்பிட வேண்டியது. மதியச் சாப்பாட்டைப் பசியைக் கேட்டுச் சாப்பிடாதீர்கள், கடிகாரத்தைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மணி அடித்தால் வகுப்புக்குப் போவதில்லையா, அந்த மாதிரி. வாரம் ஒரு நாள் ஒரே தராசில் எடை பாருங்கள். மண்டியில் தராசுக்கா பஞ்சம்.

வாய் காய்வதை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேருக்கு ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடால் பல்லில் மஞ்சள் கறை, என் வகுப்பில் சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாய் காய்கிறது என்று நாளைக்கு நாலு லிட்டர் போர் தண்ணீரைக் குடித்தால் அந்த ஃபுளோரைடும் சேர்ந்துதான் உள்ளே போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற குழாயில் பிடித்துக்கொண்டு போய் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காய்கிறதே என்று நாள் முழுக்க மிட்டாயை அடக்கிக்கொள்ள வேண்டாம். நான் அதைச் செய்து, கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்தவள்.

என்னுடையது வேறு மாத்திரை, அடோமாக்ஸெடின். இது மெத்தில்ஃபெனிடேட் மாதிரி அன்றைக்கே வேலை காட்டாது, முழுப் பலன் தெரிய ஒரு மாதம், ஒன்றரை மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பக்கவிளைவு மட்டும் முதல் நாளே ஆஜர். பலன் பின்னால், தொந்தரவு முன்னால் என்பதால் நிறையப் பேர் இரண்டாவது வாரத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு வெறும் வயிற்றில் போட்ட ஒரு நாள், இறைவணக்கத்தில் நிற்கும்போதே குமட்டி, கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் நான் தேசபக்தியில் உருகிவிட்டதாக நினைத்துக்கொண்டன. அதிலிருந்து இரண்டு இட்லி இல்லாமல் அந்த மாத்திரையைத் தொடுவதில்லை. மலச்சிக்கலும் இருந்தது, கீரையும் கொய்யாவும் தண்ணீரும்தான் வைத்தியம்.

பெண்கள் யாராவது படித்தால் ஒரு வரி. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எனக்கு மாத்திரை பாதி வேலைதான் செய்கிற மாதிரி இருக்கும். மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போய்க் காட்டியபோது டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நீங்களும் குறித்து வையுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் முயற்சிக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசுங்கள், தள்ளிப்போன பிறகு இல்லை.

வயக்காடு

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் இருந்ததா? காலையில் ஏர் பிடித்தவனுக்குக் கவனம் எங்கே சிதறியது? போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு நாலு நாள் களை வெட்டினால் எல்லாம் சரியாகும். பசியைக் கொன்று தூக்கத்தைக் கொன்று ஒரு மாத்திரை தேவையா? கடைசியில் அதற்கு அடிமையாகித்தான் நிற்க வேண்டும்.

மண்டிக்கணக்கு

அண்ணே, நான் களையும் வெட்டியிருக்கிறேன். அரை வயலில் கொத்தைப் போட்டுவிட்டு ஓணான் பிடிக்கப் போய் அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது வீட்டில் போனே கிடையாது. 12 வயதுக்கு முன்னாலேயே இருந்ததா என்று டாக்டரும் அதைத்தான் கேட்டார், அம்மாவைக் கூப்பிட்டே கேட்டார். அம்மா ஒரு மணி நேரம் சொன்னார். எனக்கே தெரியாததெல்லாம் வந்தது.

அடிமை விஷயம். வாரத்தில் ஒரு நாளாவது போட மறந்து, மனைவி மண்டிக்குப் போன் செய்து ஞாபகப்படுத்துகிறாள். சாராயத்துக்கு அடிமையானவனுக்கு வீட்டில் இருந்து போன் செய்து ஞாபகப்படுத்தி நான் பார்த்ததில்லை.

வயக்காடு

சரி சரி, கோபப்படாதீர்கள். மணி 6 தாண்டிவிட்டதோ.

மண்டிக்கணக்கு

6.20. மன்னித்துக்கொள்ளுங்கள். 😅

தகடூரான்

எனக்கு ஒரு சந்தேகம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் ஆரஞ்சு ஜூஸ், எலுமிச்சை, வைட்டமின் சி எதுவும் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் காலையில் நெல்லிக்காய்ச் சாறு. ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நெல்லிக்காய் வேண்டாம் என்று பாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்று, முழு மாத்திரை அதிகமாகத் தெரிந்தால் பாதியாக உடைத்துப் போடலாமா?

மாத்திரை அட்டை

பர்கூர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், 14 வருடம். தகடூரான் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வைட்டமின் சி எச்சரிக்கை ஆம்ஃபெட்டமைன் வகை மாத்திரைக்கானது. அமெரிக்காவில் அதுதான் நிறைய எழுதுகிறார்கள். புளிப்பு, அந்த மருந்து உடலில் ஏறுவதையும் குறைக்கும், சிறுநீரில் சீக்கிரம் வெளியேற்றியும் விடும். 14 வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூட விற்றதில்லை. இங்கே எழுதுவது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட் அல்லது அடோமாக்ஸெடின். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு நெல்லிக்காயோடு சண்டை இல்லை. பாட்டி சொல்படி குடியுங்கள். இணையத்தில் படிக்கும்போது அவர்கள் எந்த மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும்.

உடைக்காதீர்கள். நாள் முழுக்க வேலை செய்கிற மாத்திரையின் சூட்சுமமே அது மெதுவாக மருந்தை விடுகிற கட்டமைப்பில் இருக்கிறது. உடைத்தால், மென்றால், 10 மணி நேரத்துக்கு வைத்திருந்தது ஒரே அடியாக இறங்கும், நெஞ்சு அடித்துக்கொண்டு என் கடைக்குத்தான் ஓடி வருவீர்கள். சில தயாரிப்பில் மருந்து தீர்ந்த பிறகு வெறும் ஓடு மட்டும் மலத்தோடு முழுசாக வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை கரையவே இல்லை, போலி" என்று வேறு கடையில் வாங்கிய ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார், நல்லவேளையாக ஆதாரத்தைக் கையோடு கொண்டுவரவில்லை. அடோமாக்ஸெடின் கேப்ஸ்யூலையும் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கிற தூள் கண்ணில் பட்டால் எரிச்சல்.

எல்லாக் கடையிலும் ஏன் கிடைப்பதில்லை என்று இதற்கு முன்னால் பல பேர் திட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எக்ஸில் வருகிறது, 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. அதற்குக் கடைக்காரர் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வாங்கி ஒன்றை இரண்டு வருடம் கடையில் பத்திரப்படுத்த வேண்டும். மாதத்துக்கு இரண்டு பேர் வாங்குகிற மாத்திரைக்கு இவ்வளவு வேலையா என்று சின்ன ஊர்க் கடைக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள், நானும் ஒதுங்கினவன்தான், மறைக்க என்ன இருக்கிறது. 2020இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி இதை வீடியோ காலில் பார்த்து எழுதித் தரவும் முடியாது, நேரில்தான் போக வேண்டும். அதனால் கடைசி மாத்திரை தீர்ந்த அன்றைக்குச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறாதீர்கள், பத்து நாள் கையிருப்பு இருக்கும்போதே கிளம்புங்கள். அடோமாக்ஸெடினுக்கு இந்தக் கெடுபிடி இல்லை, சாதாரண சீட்டு போதும்.

மண்டிக்கணக்கு, உங்களுக்கு ஒன்று. சளி பிடித்தால் கடையில் "ஒரு சளி மாத்திரை கொடுங்க" என்று வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூக்கடைப்புக்கான பல மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் மாதிரி இரத்தக்குழாயைச் சுருக்குகிற சரக்கு இருக்கும். இதோடு சேர்ந்தால் படபடப்பும் பிபியும் கூடும். நான் என்ன மாத்திரை எடுக்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. குறிப்பாக ஃபுளுவாக்ஸெடின், பராக்ஸெடின் எடுப்பவர்களுக்கு அடோமாக்ஸெடின் உடலில் வெளியேறாமல் தேங்கி அளவு ஏறிவிடும், இரண்டும் ஒரே டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொசுறு: மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் முதலில் தயாரித்தவர் சுவிட்சர்லாந்து மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வேதியியலாளர். அதற்கு வைத்த ரிட்டாலின் என்ற பெயர் அவர் மனைவி பெயரில் இருந்து வந்தது. அந்த அம்மாவுக்கு பிபி குறைவாம், டென்னிஸ் ஆடப் போகும் முன்னால் இதைப் போட்டுக்கொள்வாராம். பிபி ஏறுகிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்காகச் சொன்னேன்.

வார்டு அக்கா

நான் ஸ்டாஃப் நர்ஸ், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். படபடப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை என்று எண்ணினீர்களா? "நெஞ்சு அடிக்குது" என்று சொன்னால் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இல்லை பிபி மிஷின் ஒன்று வீட்டில் வாங்கிவையுங்கள். டீ குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கையை மேஜை மேல் வைத்துப் பாருங்கள். மாத்திரைக்கு முன்னால் ஒன்று, மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு வாரம் எழுதினால் போதும். பெரும்பாலானவர்களுக்கு பிபி இரண்டு மூன்று புள்ளி, நாடித்துடிப்பு நான்கைந்து கூடும், அவ்வளவுதான். சிலருக்கு அதைவிட நிறைய ஏறும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது எழுதினால்தான் தெரியும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு தினமும் நூறைத் தாண்டினால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மயங்கி விழுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது என்றால் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் எனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று தோன்றுவது, செத்துப்போகலாம் என்ற எண்ணம், இவை எந்த மாத்திரையில் வந்தாலும் உடனே டாக்டர். நடு இரவாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அதையும் சொல்லுங்கள், தேன்கனிக்கோட்டைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள்.

தொப்பூர் இறக்கம்

லாரி ஓட்டுகிறேன், கிருஷ்ணகிரி. டீச்சரம்மா சொன்ன அதே அடோமாக்ஸெடின். எனக்கு முதல் பத்து நாள் தூக்கம் தூக்கமாக வந்தது, எழுந்து நின்றால் கிர்ரென்றது. காலையில் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தவன், தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஒரு நொடி கண் சொருகியது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம், அந்த இறக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஓரம் கட்டி முகம் கழுவிவிட்டு, சேலம் போனதும் முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் லீவு சொன்னேன். டாக்டர் அதை இரவுக்கு மாற்றிவிட்டார். இப்போது பரவாயில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் இரண்டு வாரம் நீண்ட ஓட்டம் எடுக்காதீர்கள், பைக்கிலும்கூட.

பெயர்வேண்டாம்77

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நானும் அதே அடோமாக்ஸெடின்தான். கல்யாணம் ஆகி எட்டு மாதம். மாத்திரை ஆரம்பித்ததில் இருந்து அந்த விஷயத்தில் சுத்தமாக முடியவில்லை. சிறுநீர் போகவும் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் அறையில் மனைவியும் இருந்ததால் வாயே திறக்கவில்லை. நானாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வார்டு அக்கா

தம்பி, இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இரண்டுமே அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள், மருந்தோடு வருகிற தாளிலேயே அச்சடித்திருக்கும். உங்கள் ஆண்மையில் எந்தக் குறையும் இல்லை. அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், டாக்டருக்கு வழி இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் பலன் பாதி, தொந்தரவு முழுசு, அதுதான் மிச்சம். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதி ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, விறைப்பு இறங்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வலியோடு நின்றால் அது அவசரம், அபூர்வம்தான், ஆனால் இரண்டு வகை மாத்திரையிலும் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது.

பெயர்வேண்டாம்77

நன்றி அக்கா. சீட்டு எழுதிவிட்டேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன்.

மண்டிக்கணக்கு (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஒரு வாரமாக எழுத நினைத்து மறந்துகொண்டே இருந்தேன்.

மண்டியில் வீணாய்ப்போன பழைய பில் புத்தகம் ஒன்று இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். வியாபாரி பெயர் எழுதும் இடத்தில் தேதி, சரக்கு என்ற இடத்தில் என்ன சாப்பிட்டேன், பெட்டி எண்ணிக்கை இடத்தில் டீ. பிபி, நாடி, படுத்த நேரம், எழுந்த நேரம். கடைசியில் "பாக்கி" என்ற கட்டத்தில் அன்றைக்குச் சாயங்காலம் எத்தனை தடவை கத்தினேன் என்று மனைவி எழுதுவாள். நான் இரண்டு என்று நினைத்த நாளில் அவள் ஐந்து போட்டிருந்தாள். பையனிடம் கேட்டோம், ஆறு என்றான்.

டீ ஒன்பதில் இருந்து மூன்றுக்கு வந்தது. முதல் நான்கு நாள் தலைவலி பிளந்தது. அது மாத்திரையால் இல்லை, டீயை விட்டதால் என்று இப்போது எனக்கே பிரித்துத் தெரிகிறது. மாத்திரைக்கு முன்னால் கூழ். மதியம் மூன்றரை மணிக்கு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும். இதை மட்டும் செய்ததிலேயே "பாக்கி" ஐந்தாறில் இருந்து இரண்டு மூன்றுக்கு வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆறு மணி என்று நான் நினைத்ததில் பாதி வெறும் பட்டினி.

மீதிப் பாதி மாத்திரை இறங்குவதுதான். பில் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு 36ஐ மாற்றவில்லை, வேறு மருந்தும் சேர்க்கவில்லை. மாத்திரையை 4.30க்குப் பதில் 7 மணிக்கு, ஏலம் கொஞ்சம் ஓய்ந்து இட்லி சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். அதற்கு முன்னால் நடப்பது சத்தமும் ஓட்டமும், அதற்கு எனக்கு மாத்திரை தேவையில்லை, சின்ன வயதில் இருந்தே அதில் கில்லாடி. கணக்கு எழுதுவதுதான் 8 மணிக்கு மேல். இதை அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. சாயங்காலத்துக்குக் குறைந்த நேரம் வேலை செய்கிற சின்ன அளவு ஒன்று தேவைப்படுமா என்று அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார், ஆனால் அது தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால் அவசரப்படவில்லை.

பிபி 138/88இல் இருந்தது, இப்போது 128/82. டீ குறைந்ததாலா, நேரம் மாறியதாலா தெரியாது. எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது. தூக்கம் இன்னும் தகராறு, நேரம் தள்ளிப்போனதால் 11 மணிக்கு முன்னால் வருவதில்லை, மதியம் அரை மணி நேரம் சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து சமாளிக்கிறேன். பையனிடம் உட்கார்ந்து பேசினேன். அப்பாவுக்கு ஆறு மணிக்குத் தலை சூடாகும், அப்போது நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், ஏழு மணிக்கு மேல் வா என்று சொல்லியிருக்கிறேன். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று சரியாக ஏழுக்கு வருகிறான்.

காவேரிப்பட்டினம் டீச்சர்

அந்த பில் புத்தகத்தை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா?

மண்டிக்கணக்கு

மண்டி லீவு நாளில் வேண்டுமானால் விடலாம் என்று டாக்டர் சொன்னார் டீச்சர், எல்லோருக்கும் இப்படி இல்லை, கேட்காமல் விடக் கூடாது என்றும் சொன்னார். போன ஞாயிறு விட்டுப் பார்த்தேன். மதியம் இரண்டு உருண்டை களி, கொள்ளுக் குழம்பு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அம்மா மூன்றாவது உருண்டையும் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் யாரையும் கத்தவும் இல்லை.

வண்டிச் சாவியை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓசூர்ஷிஃப்ட்

ஃப்ரிட்ஜில் பார்த்தீர்களா?

மண்டிக்கணக்கு

மோர்ச் சொம்புக்குப் பின்னால் இருந்தது.